மருந்துத் தலைவலி

கே.ஜி.எஃப். என்று சொன்னால் 2018க்குப் பிறகு எல்லாருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. லண்டனில் என்னோடு வேலை பார்க்கும் பஞ்சாபிப் பையன் ஒருவன், "நீங்க நிஜமாவே அந்த ஊர்தானா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். நிஜமாகவே அந்த ஊர்தான். கர்நாடகத்துக்குள் ஒரு தமிழ் ஊர், கோலார் தங்கவயல். படத்தில் வரும் துப்பாக்கிகளை நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்தது சயனைடு மேடு, சங்கு, ஷிஃப்ட், இருமல். அப்புறம் தலைவலி.

இந்தப் பதிவு அந்தக் கடைசி விஷயத்தைப் பற்றியது.

தெரிந்த குடும்பங்கள் இரண்டு மூன்றில் அண்மையில் ஒரே கேள்வி வந்தது. வீட்டம்மாவுக்கு வருஷக்கணக்காகத் தலைவலி. உள்ளூர் டாக்டர் 'தலைவலி கிளினிக்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "தலைவலிக்குன்னு தனியா ஒரு கிளினிக்கா? அங்க போனா என்ன பண்ணுவாங்க? ஸ்கேன் எடுப்பாங்களா? போகணுமா, இல்ல ஒரு மாத்திரையைப் போட்டுட்டு விட்டுடலாமா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்த பேங்க் ஆள், டாக்டர் இல்லை. ஆனால் தலைவலியின் சரித்திரத்தைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க அது எங்கள் ஊர்ச் சுரங்கத்துக்குள்ளேயே போய் நிற்கிறது. தலைவலி கிளினிக்கில் ஏன் அத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்பது எனக்கு அங்கிருந்துதான் புரிந்தது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெடிமருந்து

1870களில் மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டத் தொடங்கினார். 1880ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்த பிறகுதான் தங்கவயல் உண்மையான தங்கவயல் ஆனது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து நம் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். பெரும்பாலானவர்கள் நிலமில்லாத தலித் குடும்பத்தினர். 1956ல் சுரங்கங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டபோது சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும்.

அந்தப் பாறையை உடைத்தது வெடி. துளை போடுவார்கள், துளைக்குள் வெடியைத் திணிப்பார்கள், ஆட்கள் விலகியதும் வெடிக்க வைப்பார்கள். நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் 'மருந்து'. வெடிமருந்து என்பதன் சுருக்கம்தான். குவாரியில் வேலை செய்பவர்கள் இன்றும் 'மருந்து வைக்கிறது' என்றே சொல்வார்கள். தமிழில் உயிர் காப்பதற்கும் பாறை பிளப்பதற்கும் ஒரே சொல். இந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரப்போகிறது.

டைனமைட்டின் உயிர்நாடி நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய் போன்ற திரவம். 1847ல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் இதை முதலில் தயாரித்தார். அந்தக் காலத்து வழக்கப்படி நுனிநாக்கில் துளி வைத்துப் பார்த்தார். மண்டையைப் பிளக்கும் தலைவலி! அது வெடிக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்தபோதே தலைவலி தரும் என்பதும் தெரிந்துவிட்டது. 1867ல் ஆல்ஃபிரட் நோபல் அந்தத் திரவத்தை ஒருவகை மண்ணில் ஊறவைத்து, கையில் எடுத்துப் போகும்படி செய்து, டைனமைட் என்று காப்புரிமை வாங்கினார். உலகத்துச் சுரங்கமெல்லாம் அதை வாங்கியது. எங்கள் ஊரும் வாங்கியது.

கையால் தொட்டால் நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். அதன் ஆவி மூச்சு வழியாகவும் போகும். உள்ளே போனதும் ரத்தக்குழாய்கள் விரியும். கொஞ்ச நேரத்தில் நெற்றிப் பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும்.

திங்கட்கிழமை

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தினமும் தொட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும், வலி வராது. ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டால் பழக்கம் கலைந்துவிடும். திங்கட்கிழமை வேலைக்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் இந்தத் தலைவலியைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1898லும் 1914லும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. திங்கட்கிழமை வலிக்குப் பயந்து, சில தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமையும் துளி நைட்ரோகிளிசரினைத் தொப்பியின் உள்பட்டையில் தடவி அணிந்துகொள்வார்களாம். பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க! இந்தத் தொப்பியையும் ஞாபகத்தில் வையுங்கள்.

என் தாத்தா 1950களில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். மருந்து ஏற்றும் கூட்டத்தில் பல வருஷம் இருந்தார். "திங்கக்கிழமை தாத்தாகிட்ட பேச்சு வச்சுக்காதீங்க" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். துண்டை முறுக்கித் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அமிர்தாஞ்சனம் தடவி, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார் என்று பாட்டி சொல்லும். அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கொரு காரணம். ஞாயிற்றுக்கிழமை கறி ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். பித்தம் என்பார்கள். முதல்நாள் தண்ணி போட்டிருப்பார் என்று கிசுகிசுப்பார்கள். தாத்தா மட்டும், "மருந்து வாடைம்மா, மருந்துத் தலைவலி" என்பாராம். வேதியியல் படிக்காத மனிதர். ஆனால் காரணத்தைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அங்கே தலைவலிக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. அந்த வெக்கையில் வியர்த்து உடம்பில் தண்ணீர் வற்றினாலும் தலை வலிக்கும். வெடித்த புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடாலும் வலிக்கும். ஒவ்வொன்றுக்கும் நாள் வேறு, நேரம் வேறு, மாதிரி வேறு. எது எதனால் என்று பிரிக்க வேண்டுமென்றால் ஒரே வழி, வலிக்கிறவரைக் கேட்பதுதான்.

சுரங்கத்தின் இன்னொரு நோயோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ். 1940களில் தங்கவயல் தொழிலாளர்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார்கள், 1947ல் முடிவு வெளியானது. இந்தியத் தொழில்நோய்களின் வரலாற்றில் அது முக்கியமான ஆவணம். படத்தில் நிழல் தெரிந்தது, அதனால் நோய் என்று ஏற்றுக்கொண்டார்கள். தலைவலி எந்தப் படத்திலும் தெரியாது. தாத்தாவின் தலைவலிக்கு எங்குமே பதிவு கிடையாது, பாட்டியின் பேச்சைத் தவிர.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாட்சினி 1700ல் தொழிலாளிகளின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முதல் அத்தியாயமே சுரங்கத் தொழிலாளிகள்தான். நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு அவர் ஒரு புதுக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னார்: உன் தொழில் என்ன? தலைவலி கிளினிக்கின் விதை அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே மருந்து, மருந்தாக

கதையின் அடுத்த திருப்பம் நான் இப்போது இருக்கும் லண்டனில் நடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் வில்லியம் மரெல் என்ற இளம் டாக்டர் நைட்ரோகிளிசரினைத் தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தார். தலை தெறித்தது, நாடி துடித்தது. ரத்தக்குழாயை இப்படி விரிக்கிறதென்றால் நெஞ்சுவலிக்கு ஆகுமே என்று யோசித்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1879ல் லான்செட் இதழில் எழுதினார். பாறை பிளக்கும் மருந்து இருதய மருந்தாகிவிட்டது. நோபலுக்கே கடைசிக் காலத்தில் இருதய நோய். அவருக்கும் இதையே எழுதிக் கொடுத்தார்கள். விதியின் விளையாட்டைப் பார் என்று 1896ல் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். நம் ஊரில் அப்பாக்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட்டும் இதே குடும்பம்தான். அதைப் போட்டால் தலை வலிக்கிறது என்று ஏன் சொல்கிறார்கள் என்று இப்போது தெரிகிறதல்லவா?

நைட்ரோகிளிசரின் உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளியிடுகிறது. ரத்தக்குழாய்க்கு 'விரி' என்று செய்தி சொல்வது அந்த வாயுதான். இதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998ல் பரிசு கிடைத்தது. என்ன பரிசு என்கிறீர்கள்? நோபல் பரிசு :-)

டென்மார்க்கில் யெஸ் ஓலசன் குழுவினர் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். 1990களில் நைட்ரோகிளிசரினைச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். பெரும்பாலும் எல்லாருக்கும் உடனே ஒரு தலைவலி வந்தது, போனது. ஆனால் ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், உள்ளவர்கள் பலருக்குச் சில மணி நேரம் கழித்து இரண்டாவதாக ஒரு தலைவலி வந்தது. அது அசல் மைக்ரேன். தலைவலியை ஆய்வுக்கூடத்தில் வரவழைத்துப் பார்க்க ஒரு வழி கிடைத்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. ஷிஃப்டில் வந்த வலி மேலே ஏறி வந்ததும் தீர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் விளக்கு வெளிச்சம்கூடப் பிடிக்காமல் வந்த வலி இந்த இரண்டாவது வலியாக இருந்திருக்கலாம். என் அத்தைக்கும் மைக்ரேன் உண்டு, அது குடும்பத்தில் ஓடும் நோய்.

இந்த வழியில் போனவர்கள் சி.ஜி.ஆர்.பி. என்ற ஒரு புரதத் துணுக்கையும் ஆராய்ந்தார்கள். மைக்ரேன் நேரத்தில் அது ரத்தத்தில் கூடுகிறது என்று 1990ல் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் இருவரும் காட்டினார்கள். அதைத் தடுக்கும் முதல் ஊசிமருந்துக்கு 2018ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மைக்ரேனுக்கென்றே திட்டமிட்டுச் செய்த தடுப்பு மருந்து அது. 2021ல் இவர்கள் இருவரோடு ஓலசனுக்கும் மைக்கேல் மாஸ்கோவிட்ஸுக்கும் சேர்த்து 'பிரெய்ன் பிரைஸ்' கொடுத்தார்கள்.

தலைவலிக்கு என்று ஒரு கிளினிக்

உலகின் முதல் தலைவலி மையம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் 1945ல் ஆர்னால்ட் ஃப்ரீட்மன் தொடங்கியது. லண்டனில் மார்சியா வில்கின்சன் தலைமையில் சிட்டி ஆஃப் லண்டன் மைக்ரேன் கிளினிக் புகழ்பெற்றது. சிட்டி என்பது பேங்க்குகள் இருக்கும் பகுதி. வலி வந்த நேரத்திலேயே அலுவலகத்திலிருந்து நேராக வந்து படுக்கலாம். இருட்டறை, வாந்திக்கு மருந்து, ஆஸ்பிரின், கொஞ்சம் தூக்கம். அந்த நோயாளிகளைப் பார்த்துத்தான் ஓர் உண்மை தெரிந்தது. மைக்ரேன் வரும்போது வயிறும் மந்தமாகிவிடும், விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் சேரவே தாமதமாகும். நிறையப் பேர் "மாத்திரை வேலை செய்யலை" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வலி தொடங்கிய உடனே போடுங்கள், வாந்தி மருந்தோடு சேர்த்துப் போடுங்கள் என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான்.

1988ல் சர்வதேசத் தலைவலிச் சங்கம் தலைவலிகளையெல்லாம் வகைப்படுத்திப் பட்டியல் வெளியிட்டது. 2018ல் வந்த மூன்றாவது பதிப்பில் நைட்ரிக் ஆக்ஸைடு தரும் பொருள்களால் வரும் தலைவலிக்குத் தனி எண்ணே இருக்கிறது. தாத்தாவின் மருந்துத் தலைவலிக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடைத்துவிட்டது.

சரி, அங்கே என்ன செய்வார்கள்?

பேசச் சொல்வார்கள். முதல் சந்திப்பில் பெரும்பகுதி நேரம் கேள்விகளில்தான் போகும். எப்போதிலிருந்து, மாதத்தில் எத்தனை நாள், எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம், வாந்தி உண்டா, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போகிறதா, நடந்தால் கூடுகிறதா, வலிக்கு முன் கண்ணில் மின்னல்கோடு தெரிகிறதா, மாதவிலக்கோடு சம்பந்தம் உண்டா, அம்மாவுக்கு உண்டா, என்ன வேலை, எப்போது தூங்குகிறீர்கள், எந்தெந்த மாத்திரை மாதத்தில் எத்தனை. பிறகு ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார்கள், கை கால் பலம், கழுத்து எல்லாம் சோதிப்பார்கள்.

ஸ்கேன்? பெரும்பாலும் தேவைப்படாது. கதையும் சோதனையும் மைக்ரேன் என்று தெளிவாகச் சொன்னால், வெறும் மனநிம்மதிக்காக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்றுதான் இங்கிலாந்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. "ஒரு எம்.ஆர்.ஐ. கூட எடுக்கல, என்ன டாக்டர்" என்று நம்மவர்கள் குறைப்படுவார்கள். மைக்ரேன் ஸ்கேனில் தெரியாது. தாத்தாவின் வலி எக்ஸ்ரேயில் தெரியாத மாதிரி.

இங்கேதான் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். பெற்றோரோடு போனால் மொழிபெயர்ப்பவர் நீங்கள்தான். "விண்விண்ணுனு தெறிக்குது" என்பதற்கும் "தலையைச் சுத்திக் கட்டிப்போட்ட மாதிரி இறுக்குது" என்பதற்கும் டாக்டருக்குப் பெரிய வித்தியாசம். முதலாவது மைக்ரேன் பக்கம் கைகாட்டும், இரண்டாவது டென்ஷன் வகைத் தலைவலி பக்கம். "தலை சுத்துது" வேறு, "தலை பாரமா இருக்கு" வேறு, "மண்டை இடி" வேறு. மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் போட்டு முடித்துவிடாதீர்கள். அவர்கள் சொன்னதை அப்படியே விரித்துச் சொல்லுங்கள்.

நம் ஊர்ப் பழக்கங்களையும் சொல்லுங்கள். வெயில், விரதம், தலைக்குக் குளித்தல். "தலைக்குக் குளிச்சா தலைவலி வரும்" என்று நம் வீட்டுப் பெண்கள் சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. மும்பையில் தலைவலி கிளினிக் நடத்தும் டாக்டர் கே. ரவிசங்கர், இப்படித் தலைக்குளியலால் மைக்ரேன் வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006ல் சர்வதேச இதழில் எழுதினார். கேட்டவர் எழுதினார், அது அறிவியல் ஆனது.

அடுத்து ஒரு டைரி எழுதச் சொல்வார்கள். பேங்க் ஆள் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். பற்று வரவு மாதிரிதான். தேதி, வலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, மாதவிலக்கு நாள். முதல் சந்திப்புக்கு முன்பே இரண்டு மாதம் எழுதிக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. 'அடிக்கடி வரும்' என்பது கணக்காகாது. 'மாதத்தில் 17 நாள்' என்பது கணக்கு. 15 நாளைத் தாண்டினால் நோயின் பெயரே மாறலாம், சிகிச்சையும் மாறலாம்.

தொப்பி கதை திரும்ப வருகிறது

அந்த டைரியில் மாத்திரைப் பத்தியைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோவார்கள். பாராசிட்டமால், ஆஸ்பிரின் மாதிரித் தனி வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கலாம். சாரிடான் போன்ற கூட்டு மாத்திரை, டிரிப்டான், கோடீன் என்றால் 10 நாளே போதும். தலைவலிக்குப் போட்ட மருந்தாலேயே தலைவலி. தமிழில் இதையும் மருந்துத் தலைவலி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது!

தொப்பியில் நைட்ரோகிளிசரின் தடவிய தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். வலி வரக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமையும் மருந்தோடு இருந்தான். ஊரிலிருந்து வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு அட்டை மாத்திரை வாங்கிவரச் சொல்லி, ஆபீஸ் போகும் முன் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒன்று போடுகிறோமே, அதுவும் கிட்டத்தட்ட அதே தொப்பிதான். ரசாயனம் வேறு, வழி வேறு, ஆனால் மாட்டிக்கொள்ளும் விதம் ஒன்று. கிளினிக்கில் இதை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தியதும் முதல் சில நாட்கள், சில வாரங்கள்கூட, வலி கூடும் என்பதை முன்கூட்டியே சொல்வார்கள். எந்த மாத்திரையை எப்படி நிறுத்துவது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். சிலவற்றைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து விலகியதும் நெஞ்சுவலி வந்த தொழிலாளிகளைப் பற்றி 1972ல் அமெரிக்காவில் ஒரு கட்டுரையே வந்தது. பழகிய உடம்பிடமிருந்து எதையும் பிடுங்கும்போது கவனம் வேண்டும்.

சிகிச்சை இரண்டு வகை. வலி வரும்போது போடுவது ஒன்று, வராமல் தடுக்கத் தினமும் எடுப்பது இன்னொன்று. தடுப்பு மருந்துகளில் புரோப்ரனலால் ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பது, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்குக் கொடுப்பது, டோபிராமேட் வலிப்புக்குக் கொடுப்பது. மருந்துக் கடைச் சீட்டைப் படித்துவிட்டு "எனக்கு வலிப்பா?" என்று பயந்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு. பயம் வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். போதிய அளவில் இரண்டு மூன்று மாதம் எடுத்தால்தான் பலன் தெரியும். நாள் கணக்கு பாதியாகக் குறைந்தால் அது வெற்றி. முழுக்கப் போய்விடும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள், தந்தால் நம்பாதீர்கள். நெடுநாள் மைக்ரேனுக்கு போடாக்ஸ் ஊசி 2010லிருந்து இருக்கிறது. நான் சொன்ன சி.ஜி.ஆர்.பி. ஊசிகளை இங்கிலாந்தின் அரசு மருத்துவத்தில், குறைந்தது மூன்று தடுப்பு மருந்துகள் பலன் தராத பிறகே கொடுப்பார்கள். அதனால் எந்த மருந்து எந்த அளவில் எத்தனை மாதம் எடுத்தீர்கள் என்ற பழைய சீட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். பெண்கள் இரண்டு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும்: கர்ப்பம் ஆகும் எண்ணம் உண்டா, கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா. டோபிராமேட், வால்புரோயேட் போன்றவை கருவைப் பாதிக்கும். கண்ணில் மின்னல்கோடு தெரியும் மைக்ரேன் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

கிளினிக் தேதிக்காகக் காத்திருக்கவே கூடாத தலைவலிகளும் உண்டு. நொடியில் இடி விழுந்த மாதிரி வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி, கர்ப்ப காலத்திலோ பிரசவமான சில வாரங்களிலோ புதிதாக வரும் கடும் வலி. இவற்றுக்கு அன்றைக்கே அவசரப் பிரிவு. 50 வயதுக்கு மேல் முதல் முறையாகத் தலைவலி தொடங்கினாலும் தள்ளிப்போடாதீர்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஊர்ப் பக்கம்

நைட்ரோகிளிசரின் கலந்த வெடிகளை இந்திய அரசு 2004ல் தடை செய்தது. எங்கள் சுரங்கம் அதற்கு மூன்று வருஷம் முன்பே மூடிவிட்டது. அந்தத் திங்கட்கிழமைத் தலைவலி ஊரைவிட்டுப் போய்விட்டது. ஆனால் வேலை இல்லாத ஊரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தினமும் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் போய் வருகிறார்கள். விடியுமுன் எழுந்து, சாப்பிடாமல் ஓடி, ராத்திரி திரும்பி, அரைகுறையாகத் தூங்கி. தூக்கம் கெடுவதும் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும் மைக்ரேனைத் தூண்டும் என்று எந்தக் கிளினிக்கிலும் சொல்வார்கள்.

பெங்களூரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் நடத்திய கணக்கெடுப்பு ஒன்று வெளியாகியிருக்கிறது. ஒரு வருஷத்தில் மைக்ரேன் வந்தவர்கள் பெரியவர்களில் 25 சதவீதம், அதாவது நாலில் ஒருவர். உலகின் பல பகுதிகளைவிட அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். ஆனாலும் நம் வீடுகளில் 'அவளுக்கு எப்பவும் தலைவலிதான்' என்ற ஒற்றை வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அதனால் அந்த வீட்டம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். போங்கள். ஸ்கேனை எதிர்பார்த்துப் போகாதீர்கள், மந்திர மாத்திரையை எதிர்பார்த்தும் போகாதீர்கள். உங்கள் தலைவலியைத் தேதி போட்டுக் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்த்துப் போங்கள். என் தாத்தா 30 வருஷம் சரியான பதிலைக் கையில் வைத்திருந்தார், கேட்டு எழுத ஆள் இல்லை. உங்களுக்கு ஆள் இருக்கிறார், அப்பாயின்ட்மென்டும் வந்திருக்கிறது. இன்று ராத்திரியே ஒரு நோட்டை எடுத்து முதல் தேதியைப் போட்டுவிடுங்கள்.